சின்ன அறைக்கு உயர்ரக ஸ்பீக்கர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்ன அறை என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஸ்பீக்கருக்கும் நீங்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவே இரண்டு மீட்டர், மிஞ்சினால் இரண்டரை. அதற்குமேல் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினால் தலை சுவரில் இடிக்கும். அப்படிப்பட்ட அறை. கணக்குக்கு வசதியாகக் கடைசிவரை ஒரே அறையை வைத்துக்கொள்கிறேன்: நீளம் 4 மீட்டர், அகலம் 3 மீட்டர், உயரம் 2.7 மீட்டர். அடிக்கணக்கில் ஏறக்குறைய 13-க்கு 10, கூரை 9 அடி. உங்கள் அறை ஓரடி ஈரடி கூடக்குறைய இருந்தாலும் விஷயம் மாறாது.

விலை உயர்ந்த ஸ்பீக்கர் என்றால் எந்த அறையிலும் நன்றாகத்தானே ஒலிக்கும்?

நானும் அப்படி நம்பித்தான், தரையிலேயே நிற்கும் உயரமான டவர் ஸ்பீக்கர் ஜோடியை முதலில் வாங்கினேன். இடுப்புக்கு மேல் உயரம், ஒவ்வொன்றிலும் கீழ்ஒலியை (பேஸை) எழுப்பும் எட்டு அங்குல வூஃபர் இரண்டு, பின்பக்கம் கை நுழையும் அளவுக்கு ஒரு போர்ட், அதாவது காற்று போய்வரும் துளை. பெரிய கூடம் ஒன்றில் வைத்துக் கேட்டபோது சொக்கிப்போனேன். என் அறைக்கு வந்ததும் மிருதங்கத்தின் தொப்பியை ஒருமுறை தட்டினால் அது தட்டி முடிய அரை நிமிடம் ஆவதுபோல் இருந்தது. பேஸ் கிட்டாரில் ஒரு சுரம் ஜன்னலை அதிரவைத்தது, அதற்கடுத்த சுரம் வந்த சுவடே இல்லை. ஆறு மாதம் கேபிளை மாற்றினேன், ஸ்பீக்கரை இயக்கும் ஆம்பை (ஆம்ப்ளிஃபயரை) மாற்றினேன். கடைசியில் பழைய சாக்ஸைச் சுருட்டிப் போர்ட்டில் அடைத்தேன். காசு செலவாகாத அந்த சாக்ஸ்தான் ஓரளவாவது பலன் தந்தது.

காரணம் எளிய கணக்கு. ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே அதன் அரை அலைநீளம் கச்சிதமாகப் பொருந்திவிட்டால் அந்த அதிர்வெண் வெளியேற வழியில்லாமல் நின்று குமுறும். 4 மீட்டர் நீளத்துக்கு இது 43 ஹெர்ட்ஸில் நடக்கும், 3 மீட்டர் அகலத்துக்கு 57-இல், தரைக்கும் கூரைக்கும் நடுவே 63-ஐ ஒட்டி. இவற்றின் இருமடங்கு, மும்மடங்குகளிலும் வரும். பேஸ் கிட்டாரின் அடித்தந்தியைத் திறந்து மீட்டினால் 41 ஹெர்ட்ஸ். அதாவது அந்த வாத்தியம் நடமாடும் தெருவிலேயே வரிசையாக மேடும் பள்ளமும்.

இந்த ஆட்டம் எதுவரை என்பதற்கு இயற்பியலாளர் மான்ஃப்ரெட் ஷ்ரோடர் பெயரில் ஒரு சூத்திரம் உண்டு. அறையில் ஒலி அடங்க ஆகும் நேரத்தை விநாடியில் எடுத்து, அறையின் கன அளவால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, 2000-ஆல் பெருக்க வேண்டும். நம் அறை 32.4 கன மீட்டர். ஒலி அடங்க 0.4 விநாடி என்று வைத்தால் விடை 220 ஹெர்ட்ஸ் சொச்சம். அதற்குக் கீழே கேட்பதில் ஸ்பீக்கரின் குணத்தைவிட அறையின் குணமே தூக்கல். எத்தனை பெரிய ஸ்பீக்கரை வைத்தாலும் இந்த மேடுபள்ளங்கள் போகாது. சொல்லப்போனால், கீழே இன்னும் ஆழமாக இறங்கும் ஸ்பீக்கர் இவற்றை இன்னும் நன்றாகவே கிளறிவிடும்.

அதனால் என் கட்சி இதுதான்: சின்ன அறையில் பணத்தை 200 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கும் ஒலிக்குக் கொடுங்கள். கீழே இருப்பதை இடம் பார்த்து வைப்பது, கீழ்ஒலிக்கென்றே தனிப்பெட்டியான சப்வூஃபர், அதிர்வெண்வாரியாகச் சத்தத்தைக் கூட்டிக்குறைக்கும் ஈக்யூ ஆகிய மூன்றையும் கொண்டு சமாளிக்கலாம்.

அப்படியானால் டவர் ஸ்பீக்கரே கூடாதா?

கூடாது என்று சட்டமில்லை. ஒல்லியான டவர் ஒன்று, ஐந்து அல்லது ஆறரை அங்குல வூஃபரோடு, ஸ்டாண்டில் நிற்கும் ஸ்பீக்கருக்கு ஆகும் அதே தரையிடத்தைத்தான் எடுக்கும். சிக்கல் இன்னொன்றில் இருக்கிறது. பெரிய டவரில் மேல்ஒலிக்கான ட்வீட்டர், நடுஒலிக்கான மிட்ரேஞ்ச், வூஃபர்கள் எல்லாம் ஒரு மீட்டர் உயரத்துக்குப் பரவிக் கிடக்கும். அவை கலந்து ஒரே ஒலியாவதற்குக் கொஞ்சம் தொலைவு வேண்டும். இரண்டு மீட்டரில் உட்கார்ந்தால் குரல் ஒரு உயரத்திலும் தாளம் வேறொரு உயரத்திலும் இருந்து வருவதுபோல் தோன்றலாம். யானையை வாங்கிக் கொல்லையில் கட்டிவிட்டு, அது திரும்ப இடமில்லையே என்று நொந்துகொள்ளும் கதை.

சின்ன பெட்டியில் பேஸ் எங்கே இருந்து வரும்?

கொஞ்சம் பெட்டியிலிருந்து, கொஞ்சம் அறையிலிருந்து. ஸ்பீக்கரைச் சுவரருகே வைத்தால் எல்லாப் பக்கமும் சிதற வேண்டிய கீழ்ஒலி முன்பக்கத்துக்கே திரும்புகிறது. இப்படி ஒரு பெரிய பரப்பு தரும் ஊக்கம் அதிகபட்சம் 6 டெசிபெல். மூலையில் வைத்தால் இன்னும் கூடும்.

இங்கேதான் மூடிய பெட்டிக்கும் போர்ட் வைத்த பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் முக்கியமாகிறது. மூடிய பெட்டி தன் எல்லைக்குக் கீழே ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 12 டெசிபெல் என்று மெதுவாகச் சரியும். போர்ட் பெட்டி எல்லைவரை தாக்குப்பிடித்துவிட்டு, பிறகு ஆக்டேவுக்கு 24 என்று தொப்பென்று விழும். சின்ன அறை கீழே கொடுக்கும் ஊக்கமும் மூடிய பெட்டியின் சாய்வும் ஒன்றையொன்று ஈடுகட்டும். போர்ட் பெட்டியோடு அதே ஊக்கம் சேர்ந்தால் 50, 60 ஹெர்ட்ஸ் பக்கம் வீங்கிப்போகும். இரண்டும் சமமாகத் தோன்றினால் இந்த அறைக்கு நான் மூடிய பெட்டியைத்தான் எடுப்பேன். போர்ட் உள்ளதுதான் பிடிக்கிறது என்றால், போர்ட்டை அடைக்க நுரைக்கட்டையும் பெட்டியிலேயே வைத்துத் தருகிறார்களா என்று பாருங்கள். சாக்ஸுக்கு வேலையிருக்காது.

சின்ன பெட்டியைக் கேவலமாக நினைப்பவர்களுக்கு ஒரு சரித்திரம்: 1970-களில் பிபிசி நிறுவனம், ஒலிபரப்பு வண்டிக்குள் உட்கார்ந்து ஒலியைச் சரிபார்ப்பதற்காக எல்எஸ்3/5ஏ என்றொரு ஸ்பீக்கரை வடிவமைத்தது. மூடிய பெட்டி, உயரம் சுமார் 30 சென்டிமீட்டர், வூஃபர் ஐந்து அங்குலம். ஆழ்ந்த பேஸ் கிடையாது, சத்தமும் அதிகம் தாங்காது. ஆனால் மனிதக் குரல் அதில் நின்ற விதத்துக்காக இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள். கேஇஎஃப் நிறுவனம் 2012-இல் கொண்டுவந்த எல்எஸ்50 அதற்குச் செய்த மரியாதைதான். ஒரு வண்டிக்குள் வேலைசெய்தது உங்கள் அறையில் செய்யாதா?

ஸ்பீக்கரைச் சுவரை ஒட்டித்தான் வைக்க முடியும். என்ன செய்ய?

ஒட்டியே வையுங்கள். பலரும் சொல்லும் "சுவரிலிருந்து விலக்கு" என்ற அறிவுரை பாதிதான் உண்மை, பாதி விலக்கினால் தொல்லைதான்.

ஸ்பீக்கரின் பின்னால் போகும் கீழ்ஒலி சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது, நேராக வரும் ஒலியோடு எதிர்க்கட்டத்தில், அதாவது ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழும்படி, மோதினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வூஃபருக்கும் பின்சுவருக்கும் உள்ள தூரம் எந்த அதிர்வெண்ணின் கால் அலைநீளமோ அங்கே பள்ளம் விழும். 1 மீட்டர் தள்ளிவைத்தால் 86 ஹெர்ட்ஸில், 60 சென்டிமீட்டரில் 143-இல், 30 சென்டிமீட்டரில் 286-இல். ஆண்குரலின் கனமும் செல்லோவின் உடலும் இருக்கும் இடத்தில்தான் அந்த 143 உட்கார்ந்திருக்கிறது. ஆக 60 சென்டிமீட்டர் என்ற நடுவாந்தர தூரம்தான் பல சமயம் மோசமானது, பார்வைக்கு நியாயமாகத் தெரிந்தாலும். சுவரை நெருங்க நெருங்கப் பள்ளம் மேலே ஏறும். மேலே போகப்போக வூஃபர் பின்பக்கம் வீசும் ஒலி குறைவதால் பள்ளத்தின் ஆழமும் குறையும். கூடவே பேஸ் கொஞ்சம் கூடும், அதை ஈக்யூவில் இறக்கிக்கொள்ளலாம். கூடியதைக் குறைப்பது சுலபம், இல்லாததை வரவழைப்பதுதான் பாடு.

இதற்கென்றே பிறந்த ஸ்பீக்கர்களும் உண்டு. டச் அண்ட் டச் 8சி தன் நடுஒலியைப் பின்பக்கம் போகவிடாமல் இதய வடிவில் முன்னோக்கி வீசுகிறது, கீழ்ஒலிக்குப் பின்பக்க வூஃபர்களை வைத்துச் சுவரையே துணைக்குச் சேர்த்துக்கொள்கிறது. கீ த்ரீ பக்கத்திலும் பின்னாலும் வைத்த வூஃபர்களைக் கணினிக் கணக்கில் இயக்கி அதே இதய வடிவைக் கீழ்ஒலியிலும் கொண்டுவருகிறது. கையைக் கடிக்கும் விலைதான். ஆனால் சின்ன அறையின் நோய்க்கு மருந்தாகவே வடிவமைக்கப்பட்டவை என்பதால், அதே விலைக்குக் கிடைக்கும் ராட்சச டவரைவிட இவற்றுக்கு நான் ஓட்டுப் போடுவேன்.

ஸ்பெசிஃபிகேஷன் தாளில் எதைப் பார்க்க வேண்டும்?

"35 ஹெர்ட்ஸ் முதல் 25 கிலோஹெர்ட்ஸ் வரை" என்று மட்டும் போட்டிருந்தால் அந்த வரியைத் தாண்டிப்போங்கள். எத்தனை டெசிபெல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாத வரை அது விளம்பரம்.

தேட வேண்டியது வரைபடம், அதிலும் பக்கவாட்டில் அளந்த வரைபடம். ஒலி ஆராய்ச்சியாளர் ஃப்ளாய்ட் டூல் 1980-களில் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் இருந்தபோதும், பிறகு ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் முதலியோருடனும் செய்த சோதனைகளில், எந்த ஸ்பீக்கர் என்று தெரியாமல் திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்கவைத்தார்கள். நேரெதிரே சமதளமாகவும், பக்கவாட்டில் திடீர் குழிகளில்லாமல் சீராகச் சரிந்தும் அளவீடு காட்டியவற்றையே கேட்டவர்கள் பெரும்பாலும் விரும்பினார்கள். அந்த வேலையின் வழியில் வந்ததுதான் சிடிஏ-2034 என்ற அளவீட்டு முறை. ஸ்பீக்கரைச் சுற்றிக் கிடைவாக்கிலும் மேல்கீழாகவும் பத்துப் பத்து டிகிரியில் 70 அளவீடுகள் எடுத்து ஒரே படமாகத் தொகுப்பார்கள். ஸ்பினோராமா என்று செல்லப்பெயர்.

சின்ன அறைக்கு இது ஏன் உயிர்நாடி? பக்கச்சுவர் அரை மீட்டரில் நிற்கிறது. நேர்ஒலி வந்து இரண்டு மூன்று மில்லிவிநாடிக்குள் பக்கச்சுவரில் பட்ட ஒலியும் வந்து சேர்ந்துவிடும். காது இரண்டையும் ஒரே ஒலியாகவே எடுத்துக்கொள்ளும். ஸ்பீக்கர் பக்கவாட்டில் வீசுவது நேரே வீசுவதன் மங்கலான நகலாக இருந்தால் கற்பனையில் விரியும் இசைமேடை அகலமாகத் தோன்றும், தொந்தரவில்லை. 2 கிலோஹெர்ட்ஸில் வூஃபர் குறுகி, 3-இல் ட்வீட்டர் பரந்து வீசினால், அந்த முரண் சுவரில் பட்டு உங்கள் காதுக்கே வரும். நேர்அளவீடு கோடு போட்டதுபோல் இருந்தாலும் குரலில் ஒரு கூர்மை, நீண்ட நேரம் கேட்டால் ஒரு அலுப்பு. எதனால் என்று விரல் வைக்க முடியாது, கேபிளைத்தான் சந்தேகப்படுவோம்.

கோஆக்ஸியல் நல்லதா?

கிட்ட உட்கார்பவர்களுக்கு மிக நல்லது. ட்வீட்டர் வூஃபரின் நடுவிலேயே இருப்பதால் ஒரு மீட்டரிலும் ஒலி ஒரே புள்ளியிலிருந்து வரும், எழுந்தாலும் சாய்ந்தாலும் குரல் நிறம் மாறாது. கேஇஎஃப், ஜெனலெக் இரண்டும் இதில் தேறியவை. ஐந்து அங்குல கோன் (வூஃபரின் அதிரும் கூம்பு) ஒன்றே பேஸுக்காக ஓடியபடி ட்வீட்டருக்குக் குழலாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் பலவீனம். கீழ்ஒலியை சப்வூஃபருக்குத் தள்ளிவிட்டால் அதுவும் பெரிதாகத் தெரியாது.

எலக்ட்ரோஸ்டேட்டிக் பேனல்கள்?

கோனுக்குப் பதில், மின்னேற்றிய மெல்லிய படலம் அதிர்ந்து ஒலிக்கும் வகை இது. 1957-இல் விற்பனைக்கு வந்த இவ்வகை க்வாட் ஸ்பீக்கரின் நடுஒலியை ஒருமுறை கேட்டவர்கள் எளிதில் மறப்பதில்லை. பேனல் பக்கவாட்டில் கிட்டத்தட்ட ஒன்றும் வீசாது, இறுக்கமான பக்கச்சுவர்களுக்கு நடுவே அது வரம். ஆனால் முன்னால் வீசுவதைப் பின்னாலும் வீசும். பின்சுவரிலிருந்து ஒரு மீட்டராவது வேண்டும். 4 மீட்டர் அறையில் அந்த ஒரு மீட்டர் இருந்தால் யோசிக்கலாம், என்னிடம் இல்லை.

ஆம்ப் எத்தனை வாட் வேண்டும்?

பயப்படும் அளவுக்கு இல்லை. 86 டெசிபெல் சென்சிடிவிட்டி என்றால் 2.83 வோல்ட்டில், அதாவது 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில் அவ்வளவு சத்தம். இரண்டு மீட்டர் போனால் இழப்பதை இரண்டாவது ஸ்பீக்கரும் அறையும் சேர்ந்து ஏறக்குறைய திருப்பித் தந்துவிடும். ஆக நாற்காலியில் ஒரு வாட்டுக்கே 85 சொச்சம். வாட்டை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 3 டெசிபெல் கூடும்: 32 வாட்டில் 100. அது காதைப் பொத்த வைக்கும் சத்தம்.

பார்க்க வேண்டியது இம்பீடன்ஸ், அதாவது ஸ்பீக்கர் ஆம்புக்குக் காட்டும் மின்தடை. 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் சில இடங்களில் 3 ஓம்வரை இறங்கும் ஸ்பீக்கர்கள் உண்டு. ஆம்ப் 4 ஓமில் தடுமாறாது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒன்று கவனியுங்கள்: 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதே 2.83 வோல்ட் என்பது இரண்டு வாட். 89 என்று பெருமையாகப் போட்டிருப்பது ஒரு வாட் கணக்கில் 86தான்.

ஆக்டிவ் வாங்கலாமா?

சின்ன அறைக்கு ஆம் என்பேன். ஆக்டிவ் என்றால் ஆம்பும் பெட்டிக்குள்ளேயே: ட்வீட்டர், வூஃபர் என்று ஒவ்வொரு டிரைவருக்கும் தனி ஆம்ப், அதற்கு முன்பே ஒலியை அவற்றுக்குப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர், பெரும்பாலானவற்றில் ஈக்யூவும் உள்ளேயே. கம்பிகளும் பெட்டிகளும் குறையும். ஆனால் உள்ளே இருக்கும் மின்சுற்று பழுதானால் ஸ்பீக்கரே ஊமை. ஆம்பை மாற்றி மாற்றி விளையாடுவதுதான் உங்கள் சந்தோஷம் என்றால், ஆம்ப் உள்ளே இல்லாத பாஸிவ்தான் உங்களுக்கு.

சப்வூஃபர் சேர்த்தால் சங்கீதம் கெட்டுப்போகாதா?

கெடுவது சப்பினால் அல்ல, ஒரே மூலையில் திணித்து வால்யூமைத் திருகுவதால். குரலும் வாத்தியமும் சரியாக ஒலிக்க ஸ்பீக்கர் எங்கே நிற்க வேண்டுமோ அந்த இடம் பேஸுக்கு ஏற்ற இடமாக இருப்பது அபூர்வம். சப் தனியாக இருந்தால் இரண்டையும் அததன் இடத்தில் வைக்கலாம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மட்டும் சப்புக்குக் கொடுத்தால் ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிக்காது.

இடம் தேட ஒரு வேடிக்கையான வழி: சப்பைத் தூக்கி உங்கள் நாற்காலியில் உட்கார வையுங்கள். பேஸ் நிறைந்த ஒரு பாட்டை ஓடவிட்டு, நீங்கள் தரையில் சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். எங்கே எல்லாச் சுரமும் சமமாகக் கேட்கிறதோ அங்கே சப்பை வையுங்கள். கதவைத் தாழிட்டுக்கொள்வது நல்லது, வீட்டார் பார்த்தால் கேள்வி வரும்.

இரண்டு சின்ன சப் வாங்க முடிந்தால் ஒரு பெரியதைவிட மேல். முன்சுவரின் நடுவில் ஒன்று, பின்சுவரின் நடுவில் ஒன்று. நம் அறையில் நீளவாக்கு 43 ஹெர்ட்ஸை அவை இரண்டும் எதிரெதிரே இழுத்து அடக்கும். அகலத்தின் நடுவில் நிற்பதால் 57-ஐத் தூண்டவே தூண்டாது. ஹார்மனின் டாட் வெல்டி 2002-இல் எத்தனை சப் போதும் என்று ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில் சுவர்களின் நடுப்புள்ளிகள் நல்ல இடங்களாக வந்தன.

ஈக்யூ எல்லாவற்றையும் சரிசெய்யுமா?

மேட்டை வெட்டும், பள்ளத்தை நிரப்பாது. 57 ஹெர்ட்ஸில் 8 டெசிபெல் வீக்கம் இருந்தால் அளந்து அப்படியே இறக்குங்கள், அற்புதமாகத் தெளியும். ஆனால் ஒலி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் இடத்தில் 10 டெசிபெல் ஏற்றினால், ஆம்ப் பத்து மடங்கு உழைக்கும், அழிவும் பத்து மடங்கு நடக்கும். அங்கே நாற்காலியைத்தான் நகர்த்த வேண்டும். முக்கியமாக, அறையின் நீளத்துக்குச் சரிபாதியில் உட்காராதீர்கள். 43 ஹெர்ட்ஸ் அங்கே செத்துக் கிடக்கும். ஒரு சுவரிலிருந்து 38 சதவீத தூரம், நம் அறையில் ஒன்றரை மீட்டர், தொடங்க நல்ல புள்ளி.

ஒரு அளவீட்டு மைக்கும் இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விஸார்ட் மென்பொருளும் போதும். அறைத்திருத்தத்தை 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே நிறுத்திக்கொள்வது என் வழக்கம். அதற்கு மேலே நல்ல ஸ்பீக்கரின் குணத்தை மென்பொருள் கிறுக்கிவிடுகிறது.

சுவரில் நுரை ஒட்டினால்?

5 சென்டிமீட்டர் நுரை மேல்ஒலியை மட்டும் தின்றுவிட்டுக் குமுறலை அப்படியே விட்டுவைக்கும். அறை மந்தமாகும், பேஸ் இன்னும் பெரிதாகத் தெரியும். 86 ஹெர்ட்ஸின் கால் அலைநீளமே ஒரு மீட்டர், மெல்லிய நுரை அதை என்ன செய்யும்? தடித்த கம்பளம், புத்தகம் நிறைந்த அலமாரி, பஞ்சு சோபா இவற்றில் தொடங்குங்கள். பிறகும் தேவையென்றால் மூலைகளில் கனமான பேனல்கள்.

கேபிள்?

2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு. மூன்று மீட்டர் போக, மூன்று மீட்டர் வர, மொத்த மின்தடை 0.05 ஓம்கூட வராது. அடுத்த கேள்வி.

புது ஸ்பீக்கரை நூறு மணி நேரம் ஓட்டினால்தான் அதன் ஒலி திறக்கும் என்கிறார்களே?

பழகுவது பெரும்பாலும் காது. முதல் நாளே கூசுகிற ட்வீட்டருக்காக, திருப்பித் தரும் கெடு தாண்டும்வரை காத்திருக்காதீர்கள்.

பழைய உயர்ரக ஸ்பீக்கர் வாங்கலாமா?

கோனைச் சுற்றியுள்ள வளையம் நுரையா ரப்பரா என்று பாருங்கள். நுரை பத்திருபது வருடத்தில் பொடியாக உதிரும், ரப்பர் நீண்ட நாள் தாங்கும். வளையத்தை மாற்றலாம். ஆனால் அந்த மாடலுக்கு ட்வீட்டர் கிடைக்குமா என்பதை வாங்குவதற்கு முன் கேளுங்கள்.

இரண்டு ஜோடியை எப்படி ஒப்பிட்டுக் கேட்பது?

சத்தத்தைச் சமமாக்காமல் கேட்டால் அது ஒப்பீடே இல்லை. ஒரு டெசிபெல் கூடுதலாக ஒலிப்பதைக் காது "தெளிவு" என்று எழுதிக்கொள்ளும். பிங்க் நாய்ஸை (சோதனைக்கான இரைச்சல் ஒலியை) ஓடவிட்டு, கேட்கும் இடத்தில் ஒலிமானி வைத்து இரண்டையும் சமப்படுத்துங்கள். முடிந்தால் வேறு யாராவது மாற்றிப் போடட்டும், எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டாம். பாட்டு, நீங்கள் நூறு முறை கேட்டதாக இருக்கட்டும். ஒரு தனிக்குரல், பேஸ் கிட்டார் படிப்படியாக ஏறி இறங்கும் ஒன்று, கூட்டமாக வாத்தியங்கள் மோதும் ஒன்று, மூன்று போதும். எல்லாவற்றுக்கும் மேல், உங்கள் அறைக்கே எடுத்துவந்து ஒரு வாரம் வைத்துக் கேட்க விடுகிறவரிடம் வாங்குங்கள். வேறொரு கூடத்தில் கேட்டது 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உங்களுக்கு ஒன்றும் சொல்லாது.

சரி, நீங்கள் இப்போது எதில் கேட்கிறீர்கள்?

ஆறரை அங்குல கோஆக்ஸியல், ஆக்டிவ், பின்சுவரிலிருந்து ஒரு சாண் தூரத்தில். பத்து அங்குல மூடிய சப் இரண்டு, முன்னும் பின்னும். டவர் ஜோடியை, அகலமான கூடம் உள்ள ஒரு நண்பருக்குக் கொடுத்துவிட்டேன். அங்கே பிரமாதமாக ஒலிக்கின்றன. ஒரு போர்ட்டுக்குள் என் சாக்ஸ் இருந்ததாகப் போன மாதம் சொன்னார்.